நூறோடு முடிந்த சக்கரம்

ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே மூணு மாசம் ஆச்சு. நடுவுல ஆறு வாரம் மெல்பர்ன் ஆன்சைட் வேற. ஊர் சுத்தின கதை, காபி விலை கதையெல்லாம் எழுதி உங்களைப் படுத்தப் போறதில்லை, பயப்படாதீங்க. ரோட்டோரத்துல பார்த்த ஒரே ஒரு பலகையைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

ஒரு சனிக்கிழமை நானும் ரூம்மேட்டும் வாடகைக் கார் எடுத்துக்கிட்டு நகரத்துக்குக் கிழக்கே மலைப்பக்கம் போனோம். வழியில ஒரு அரை வட்டப் பலகை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, அடர் சிவப்புன்னு நாலு துண்டு, நடுவுல ஒரு முள். பழைய ஸ்கூட்டர் பெட்ரோல் மீட்டரை இருபது மடங்கு பெரிசாக்கி நட்டு வெச்ச மாதிரி. இன்றைய காட்டுத்தீ அபாயம் எவ்வளவுன்னு காட்டுற பலகை அது. அன்னிக்கு முள் மஞ்சள்ல நின்னுச்சு.

ரூம்மேட் அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டான். எனக்குத் தொழில் புத்தி. இந்த முள்ளை எது நகர்த்துது? இன்புட் என்ன, ஃபார்முலா என்ன, முதல்ல எழுதின ஆள் யாரு? ராத்திரி ரூமுக்கு வந்து தேட ஆரம்பிச்சவன், ரெண்டு வாரம் விசாரணைக் கமிஷன் அறிக்கைகளுக்குள்ள கிடந்தேன். அதுல கிடைச்சதுதான் கீழே.

கதை 1939 ஜனவரி 13ல தொடங்குது. கிழமை வெள்ளி. அதனால கருப்பு வெள்ளின்னே பேர். விக்டோரியா மாநிலத்துல நீண்ட வறட்சி. ஓடைகள் வத்தி, காட்டுத் தரை முழுக்கச் சருகும் சுள்ளியும் மொறுமொறுன்னு கிடந்தது. அங்க காடுன்னா பெரும்பாலும் தைல மரம். நம்ம நீலகிரித் தைலம் எடுக்கிற அதே மரக் குடும்பம்தான். இலையில எண்ணெய், உரிஞ்சு தொங்குற பட்டை. பட்டை தீப்பிடிச்சு காத்துல பறந்துச்சுன்னா எங்க போய் விழும்னு யாரும் சொல்ல முடியாது.

அன்னிக்கு மெல்பர்ன்ல வெயில் 45.6 டிகிரி. மூணு நாள் முன்னாடியே 44ஐத் தாண்டியிருந்தது. உள்நாட்டுப் பாலை பக்கமிருந்து வடக்குக் காத்து அடிச்சது. மாலைக்குள்ள மலைக்காட்டு ஊர்கள் பல சாம்பல். மொத்தம் 71 பேர் இறந்தாங்க. 69 மர அறுவை மில்கள் எரிஞ்சு போச்சு. அந்தக் காலத்துல மில் காட்டுக்கு நடுவுலயே இருக்கும், தொழிலாளிகளும் குடும்பத்தோட அங்கேயே இருப்பாங்க. வெளியேற ஒரே பாதை, அதுவும் மரத்துக்கு நடுவுல. மண்ணுல குழி தோண்டிப் பதுங்கினவங்கள்ல சிலர் பிழைச்சாங்க, சிலர் அந்தக் குழியிலேயே போயிட்டாங்க.

விசாரிக்க நீதிபதி லியனார்ட் ஸ்ட்ரெட்டனை ராயல் கமிஷனரா போட்டாங்க. அரசு அறிக்கைன்னா தூக்க மாத்திரைன்னு நினைச்சுத்தான் எடுத்தேன். மனுஷன் நாவல் மாதிரி எழுதியிருக்கார். அவர் கண்டுபிடிச்சதுல முக்கியமானது: அந்த வெள்ளிக்கிழமை தீ புதுசா வானத்துலேர்ந்து விழலை. வாரக்கணக்கா அங்கங்கே சின்னச் சின்னத் தீ எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்தது. மேய்ச்சலுக்காக ஒருத்தர் வெச்சது, நிலம் திருத்த ஒருத்தர் வெச்சது, அணைக்காம விட்டுப் போனது. பெரும்பாலும் மனுஷன் வெச்ச தீ. 'அது பாட்டுக்கு எரியுது'ன்னு எல்லாரும் பழகிட்டாங்க. வெள்ளிக்கிழமை காத்து அடிச்சதும் அத்தனையும் கைகோத்துக்கிச்சு.

நல்லா கவனிங்க. தீ பழசு. அன்னிக்குப் புதுசா வந்தது வானிலை மட்டும்தான்.

அப்போ வானிலைத் துறை இல்லாம இல்லை. ஆஸ்திரேலிய வானிலைத் துறை 1908லேயே வேலையை ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்கு வெயில், நாளைக்குக் காத்துன்னு சொல்லத் தெரியும். இந்த வெயிலும் இந்தக் காத்தும் இந்த வறட்சியும் சேர்ந்தா காடு எப்படி எரியும்ங்கிற கணக்குதான் கையில இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் ஆளுங்க அதைத் தேடிக்கிட்டு இருந்தாங்க.

அந்தக் கணக்கை முதல்ல கைக்கு அடக்கமா ஆக்கினவர்கள்ல ஒருத்தர் அமெரிக்காவுல ஐடஹோ பக்கம் வேலை பார்த்த ஹாரி கிஸ்போர்ன். 1930கள்ல அவர் செஞ்ச தீ அபாய மீட்டருக்கு முன்மாதிரி என்ன தெரியுமா? கோடாக் கம்பெனியோட கேமரா எக்ஸ்போஷர் அட்டை! வெளிச்சம் இவ்வளவு, அப்போ ஷட்டர் இவ்வளவுன்னு திருப்பிப் பார்க்கிற அட்டையை எடுத்து, வெளிச்சத்துக்குப் பதிலா ஈரப்பதம், காத்துன்னு மாத்திட்டார். இந்த மாதிரி ஜுகாட் வேலைகளைப் பார்த்தா எனக்குத் தனி சந்தோஷம். பாவம், அவர் முடிவு சோகம். 1949ல மொன்டானாவுல மான் கல்ச் தீயில 13 தீயணைப்பு வீரர்கள் இறந்தாங்க. தீ ஏன் அப்படித் திரும்புச்சுன்னு நேர்ல பார்க்க இதய நோயோட அந்தச் சரிவுல ஏறின கிஸ்போர்ன், அதே வருஷம் நவம்பர்ல அங்கேயே மாரடைப்புல போயிட்டார்.

ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். நம்ம பலகையோட தாத்தாவை எழுதினவர் ஆலன் மெக்கார்தர். கான்பெர்ராவுல வனத்துறை ஆராய்ச்சியாளர். 1950, 60கள்ல காட்டுக்குள்ள தானே தீ வெச்சு, பக்கத்துல நின்னு அளந்தார். ஒண்ணு ரெண்டு இல்லை, 800க்கும் மேல. வெயில் இவ்வளவு, ஈரப்பதம் இவ்வளவு, காத்து இவ்வளவு, சருகு இவ்வளவு, தீ நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் போச்சு. நோட்டுல எழுது, அடுத்தது கொளுத்து. அந்த நோட்டெல்லாம் கடைசியில ஒரு வட்ட அட்டையா வந்தது. ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுத்துற சக்கரங்கள். வறட்சியை இங்க வை, ஈரப்பதத்துக்குத் திருப்பு, வெயிலுக்குத் திருப்பு, காத்துக்குத் திருப்பு, கடைசியில ஒரு எண் வரும். 0ல தொடங்கி 100ல முடியும்.

ஏன் 100? மனுஷன் தனக்குத் தெரிஞ்ச உச்சத்தை அங்க வெச்சார். அந்தக் கருப்பு வெள்ளி வானிலை எப்படி இருந்ததோ அதுதான் கிட்டத்தட்ட 100. அதுக்கு மேல வராதுங்கிறது கணக்கு. அட்டையில இடமும் அதோட முடிஞ்சது.

இந்த அட்டையை 1980ல நோபிள், பேரி, கில் என்ற மூணு பேர் ரிவர்ஸ் இஞ்சினியரிங் பண்ணி ஒரு சமன்பாடா எழுதினாங்க. சோர்ஸ் கோட் இல்லாத லெகஸி சிஸ்டத்தோட அவுட்புட்டைப் பார்த்து லாஜிக்கைக் கண்டுபிடிக்கிற வேலை, நாம எல்லாரும் செய்யறதுதான். ஒரே வரிச் சமன்பாடு. நானும் அதை ஸ்கிரிப்டா அடிச்சு ஓட்டிப் பார்த்தேன். 25 டிகிரி வெயில், ஈரப்பதம் 40 சதவீதம், காத்து மணிக்கு 20 கிலோமீட்டர், வறட்சிக் காரணி 10க்கு 6. வந்த எண் 7. காலார நடந்துட்டு வரலாம்.

அடுத்து கொஞ்சம் விளையாடினேன். வெயிலை 20 டிகிரி ஏத்தினா எண் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஈரப்பதத்தை 20 புள்ளி இறக்கினா திரும்ப ரெண்டு மடங்கு. காத்தை 30 கிலோமீட்டர் கூட்டினா இன்னொரு ரெண்டு மடங்கு. கூட்டல் இல்லை மக்களே, பெருக்கல். எல்லாம் ஒரே நாள்ல வந்தா? 45 டிகிரி, ஈரப்பதம் 8, காத்து 60, வறட்சி 10ன்னு கொடுத்தேன். 175 வந்தது.

100ல முடியற அட்டையில 175 எங்க இருக்கும்? இந்தக் கேள்வியை மனசுல வெச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

அதுக்கு முன்னாடி அந்த வறட்சிக் காரணி. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். வெயிலும் காத்தும் இன்னிக்குச் சமாச்சாரம். வறட்சி மாசக்கணக்குச் சமாச்சாரம். அதனால தீ வானிலை பார்க்கிறவங்க கோடையில மட்டும் முழிச்சுக்கிட்டா போதாது. மழைக்காலத்துலேயே கணக்கை ஆரம்பிக்கணும். அதுக்கு 1968ல கீட்ச், பைரம் என்ற ரெண்டு அமெரிக்கர்கள் ஒரு முறை சொன்னாங்க. மண்ணை ஒரு பேங்க் அக்கவுன்ட்னு வெச்சுக்கங்க. நிறைய மழை பெஞ்சு ஊறிப் போயிருந்தா கடன் பூஜ்யம். ஒவ்வொரு நாளும் வெயில் கொஞ்சம் எடுத்துக்கிட்டே போகும், கடன் ஏறும். அதிகபட்சம் 200 மில்லிமீட்டர், அதுக்கு மேல மண்ணுல எடுக்க ஒண்ணுமில்லை. மழை பெஞ்சா கடன் குறையும். ஆனா முதல் 5 மில்லிமீட்டர் கணக்குல வராது! இலையிலும் சருகுலயும் நின்னு அப்படியே ஆவியாயிடும். பேங்க்காரன் புடிக்கிற சர்வீஸ் சார்ஜ் மாதிரி. லேசா தூறல் போட்டா நாம 'அப்பாடா, மழை வந்துச்சு'ன்னு நினைப்போம், பாஸ்புக்ல ஒரு பைசா ஏறியிருக்காது.

கடன் ஏற ஏற, ஈரம் காயாத பெரிய கட்டைகளும் பள்ளத்தாக்கு நிழல்ல இருக்கிற சருகும் எரிய ரெடியாகும். சாதாரணக் கோடையில பள்ளத்தாக்குகளும் ஓடைக்கரைகளும் தீக்குத் தடுப்புச் சுவர். வறட்சி முத்தினா அந்தச் சுவரே விறகு.

சரி, மெக்கார்தர் கணக்குல ஓட்டையே இல்லையா? இருந்தது. அவர் வெச்ச தீ பெரும்பாலும் சின்னது, மிதமான நாள்ல வெச்சது. 45 டிகிரியில, சூறைக்காத்துல போய் ஆராய்ச்சிக்குத் தீ வைக்க யாருக்கும் பைத்தியமா என்ன? மிதமான நாள்ல கிடைச்ச கோட்டை அப்படியே மேல நீட்டினார். பத்து யூசரை வெச்சு லோட் டெஸ்ட் பண்ணிட்டு லட்சம் பேருக்குத் தாங்கும்னு கையெழுத்துப் போடற மாதிரி. 1990கள் கடைசியில மேற்கு ஆஸ்திரேலியாவுல வெஸ்டான்னு ஒரு திட்டம் போட்டு கோடையிலேயே பெரிய தீ வெச்சுப் பார்த்தப்பதான், நிஜத் தீ அவர் சொன்னதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல வேகமாப் போகும்னு தெரிஞ்சது. அவரைக் குறை சொல்லலை. நோட்டும் ஸ்டாப்வாட்சும் வெச்சுக்கிட்டு அவர் செஞ்சது பெரிய வேலை. நாற்பது வருஷத்துக்கு மேல ஒரு நாடே அதை வெச்சு ஓட்டியிருக்கு.

இன்னொரு விஷயம் அட்டையில வரவே வராது. காத்து திரும்புறது.

1983 பிப்ரவரி 16. சாம்பல் புதன்னு பேர். எல் நினோ வறட்சி உச்சத்துல. விக்டோரியாவுலயும் தெற்கு ஆஸ்திரேலியாவுலயுமா 75 பேர் இறந்தாங்க. அதுல அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டுல மாட்டின 12 தன்னார்வத் தீயணைப்பு வீரர்களும் அடக்கம். எல்லாரும் காத்து திரும்பின பிறகு.

அந்தப் பக்கத்துக் கோடையில பகல் முழுக்க வடக்கேர்ந்து சூடான காத்து. தீ தென்கிழக்கே நீளமா, குறுகலா ஓடும். சாயங்காலம் கடல் பக்கமிருந்து, தென்மேற்கேர்ந்து, குளிர்காத்து வந்து சேரும். ஊர்ல எல்லாரும் 'ஸ்ஸ்ஸ், அப்பாடா'ன்னு ஜன்னலைத் திறக்கிற நேரம். தீயைப் பொறுத்தவரை அதுதான் மோசமான நேரம். ஒரு ரயில் ஓடுதுன்னு வெச்சுக்கங்க. முன்னாடி இடிக்கிறது எஞ்ஜின் அகலம் மட்டும்தான். திடீர்னு அந்த மொத்த ரயிலும் பக்கவாட்டுல ஓட ஆரம்பிச்சா? அத்தனை பெட்டியும் எஞ்ஜின்! 50 கிலோமீட்டர் நீளத் தீயோட பக்கம் முழுக்க 50 கிலோமீட்டர் அகல முகப்பாகிடும். அதனால தீ வானிலை பார்க்கிறவர்கிட்ட களத்துல இருக்கிறவங்க கேக்கற முதல் கேள்வி வெயில் எவ்வளவுன்னு இல்லை, காத்து எத்தனை மணிக்குத் திரும்பும்னு.

இப்போ 2009. நான் அப்போ ஆறாங்கிளாஸ். டிவியில ஏதோ ஆஸ்திரேலியாவுல தீன்னு ஓடினது மங்கலா ஞாபகம் இருக்கு.

பன்னிரண்டு வருஷமா நீண்டுக்கிட்டே வந்த வறட்சி. ஜனவரி கடைசியில மெல்பர்ன்ல தொடர்ந்து மூணு நாள் 43 டிகிரிக்கு மேல. மண் அக்கவுன்ட்டுல கடன் தலைக்கு மேல. வானிலைத் துறை சில நாள் முன்னாடியே பிப்ரவரி 7 சனிக்கிழமையைக் குறி வெச்சிடுச்சு. வெயில் சொன்னாங்க, காத்து சொன்னாங்க, மாலையில காத்து திரும்பும்னும் சொன்னாங்க. முந்தின நாளே மாநில முதல்வர் ஜான் பிரம்பி, வரலாற்றுலேயே மோசமான நாளா இருக்கலாம்னு மக்களை எச்சரிச்சார். மாநிலம் முழுக்க நெருப்புக்குத் தடை.

சனிக்கிழமை வந்தது. மெல்பர்ன் 46.4 டிகிரி. 1939 சாதனை காலி. ஈரப்பதம் ஒற்றை இலக்கம். அபாய எண் பல இடங்கள்ல 100ஐத் தாண்டி, 150ஐயும் கடந்தது. முன்னறிவிப்பு பலிச்சது, வரிக்கு வரி.

173 பேர் இறந்தாங்க.

இங்கதான் எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரலை. கணிப்பு தப்பாப் போய் ஆள் செத்தா ஒரு மாதிரி. கணிப்பு சரியா இருந்தும்னா?

காலை 11.45 மணி வாக்குல கில்மோர் ஈஸ்ட் பக்கம் ஒரு பழைய மின்கம்பி அறுந்து தீ பிடிச்சது. அந்த ஒரு தீயில மட்டும் 119 பேர். எரியற பட்டைகள் 30 கிலோமீட்டருக்கு அப்பால போய் விழுந்து புதுத்தீ வெச்சது. புகை மேகமே இடிமேகமாகி மின்னல் அடிச்சது. மாலையில கிங்லேக். காத்து திரும்பின பிறகு, வேற ஒரு தீ பக்கவாட்டுல ஓடி மேரிஸ்வில் ஊரை முழுங்கிடுச்சு. 1939ல எரிஞ்ச நார்பெத்தாங் இந்தத் தடவையும் எரிஞ்சது.

நீதிபதி பெர்னார்ட் டீக் தலைமையில மறுபடி ராயல் கமிஷன். 2010ல அறிக்கை. அதுல ஒரு இடம். அந்தத் தீயோட கட்டுப்பாடு கில்மோர் மையத்துகிட்ட. தீ போற வழியில இருந்த கங்காரு கிரவுண்ட் மையத்துல இருக்கிறவங்களுக்கு என்ன நடக்குதுன்னு புரிஞ்சிடுச்சு. எச்சரிக்கையை எழுதியும் வெச்சாங்க. ஆனா வெளியிடற அதிகாரம் அவங்ககிட்ட இல்லை. எழுதின எச்சரிக்கை அங்கேயே நின்னுச்சு. ரைட் பர்மிஷன் இல்லைன்னு எரர் வரும்போதெல்லாம் அட்மினைத் திட்டிட்டு டீ குடிக்கப் போற ஆள் நான். இதைப் படிச்சதுக்கப்புறம் அந்த எரரைப் பார்த்தா சிரிப்பு வர மாட்டேங்குது.

இன்னொண்ணு, அந்த 175 கேள்வி. அப்போ பலகையில உச்ச நிலை 'எக்ஸ்ட்ரீம்'. அது 50லேயே ஆரம்பிச்சிடும். அதாவது 51 வந்தாலும் எக்ஸ்ட்ரீம், 150 வந்தாலும் எக்ஸ்ட்ரீம். மலையில வீடு கட்டி இருக்கிறவர் எத்தனை கோடையில எத்தனை தடவை அந்த வார்த்தையைக் கேட்டிருப்பார்? ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் ஆகலை. கூரைக்குத் தண்ணி அடிச்சு, பம்ப்பை ரெடி பண்ணி, ராத்திரி தூங்கியிருப்பார். அப்போ அரசாங்கம் சொன்னதும் அதுதான்: ஒண்ணு முன்னாடியே கிளம்பு, இல்லை தயாரா இருந்து வீட்டைக் காப்பாத்து. 60ல காப்பாத்தக்கூடிய வீட்டை 150ல காப்பாத்த முடியாது. ஆனா ரெண்டுக்கும் அவர் காதுல விழுந்தது ஒரே வார்த்தை. இறந்தவங்கள்ல 113 பேர் வீட்டுக்குள்ள.

கம்ப்யூட்டருக்கு 150 தெரிஞ்சது. வானிலை ஆளுக்கும் தெரிஞ்சது. அதைச் சொல்ல மொழியில ஒரு வார்த்தை இல்லை. ஏன்னா 60களில் அந்தச் சக்கரத்தை வரைஞ்சப்போ அந்த மாதிரி நாளே வராதுன்னு இருந்தது.

2009 கடைசியிலேயே 100க்கு மேல 'கேடஸ்ட்ராஃபிக்'னு புது நிலையைச் சேர்த்தாங்க. அன்னிக்கு வீட்டைக் காப்பாத்த நிக்காதே, முன்னாடியே கிளம்பிடுன்னு அர்த்தம். அப்புறம் 2022 செப்டம்பர்ல மெக்கார்தர் கணக்கையே ஓய்வு பெற வெச்சு, நாடு முழுக்க ஒரே புது அமைப்பு வந்தது. காடு, புல்வெளி, புதர்னு எட்டு வகைத் தாவரத்துக்குத் தனித்தனி மாடல். நான் பார்த்த நாலு நிறப் பலகை இந்தப் புதுசுதான். பழைய 100 அதுலயும் இருக்கு. உச்சியா இல்லை, அடர் சிவப்பு ஆரம்பிக்கிற கோடா. அதுக்கு மேல எவ்வளவு வேணா போகலாம்.

அன்னிக்குத் திரும்பி வரும்போது அதே பலகை கிட்ட ஒரு பெரியவர் நின்னுக்கிட்டு இருந்தார். எழுபது வயசு இருக்கும், தொப்பி, அரைக்கால் டவுசர். சில இடத்துல முள்ளைக் கையாலதான் திருப்புறாங்க, உள்ளூர்த் தன்னார்வலர் யாராவது. காரை நிறுத்தி, நாளைக்கு என்ன நிறம்னு கேட்டேன். ஆரஞ்சுன்னார். பயமா இல்லையான்னு ரூம்மேட் கேட்டான். நாளைக்குக் காலையிலேயே பேத்தியைக் கூட்டிக்கிட்டு டவுனுக்குப் போயிடுவேன், சாயங்காலம் காத்து திரும்பி ஓய்ஞ்சப்புறம்தான் வருவேன்னு சொல்லிட்டு, கையைத் துடைச்சுக்கிட்டுக் கிளம்பினார்.

டிஸ்கி: சமன்பாட்டு ஸ்கிரிப்ட் வேணும்னா பின்னூட்டத்துல கேளுங்க, பத்து வரிதான். அதை வெச்சு நம்ம ஊர்க் காட்டுக்கு எண் போட்டுப் பார்த்துட்டு, தப்பா வருதேன்னு என்னை அடிக்க வராதீங்க. அது தைல மரக் காட்டுக்கு எழுதினது :-)